மாஷியிடம் கேட்கக் கூடாத கேள்வி

எங்கள் கட்டிடத்தில் பிள்ளை வைத்திருந்த எல்லாருக்கும் மாஷியிடம் உள்ளூர ஒரு பயம் இருந்தது. அவர் கோபக்காரர் இல்லை. யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. குட்டையான உருவம், காதோரம் மட்டும் நரைத்த தலை, வெளியே கிளம்பினால் தோளில் ஒரு துணிப்பை. பிள்ளைகள் அவர் வீட்டுக் கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு போவார்கள். பயமெல்லாம் பெற்றவர்களுக்குத்தான். குழந்தை ஒரு கேள்வி கேட்டால் அவர் உண்மையைச் சொல்லிவிடுவார்.

டாலிகஞ்சில் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் அந்தக் கட்டிடம். என் கணவருக்குக் கொல்கத்தாவுக்கு மாற்றல் வந்தபோது மூன்றாவது மாடியில் வாடகைக்குக் குடிவந்தோம். அந்த அம்மாள் தரைத்தளத்தில் தனியாக இருந்தார். அவருடைய தாத்தா காலத்திலேயே கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு கம்பெனி வேலைக்காக இங்கே வந்துவிட்ட குடும்பம். காளிகாட்டில் பிறந்து, இங்கேயே படித்து, துறைமுக அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தமிழை வீட்டுக்குள் மட்டுமே பேசி வளர்ந்ததால் அது அவருடைய அம்மா பேசிய தமிழாகவே நின்றுவிட்டிருந்தது, நடுநடுவே வங்காளத்தோடு. நான் திருநெல்வேலிக்காரி. நான் அவரை மாமி என்று கூப்பிட்டேன். கட்டிடத்துப் பிள்ளைகள் எல்லாம் வங்காள வழக்கப்படி மாஷி, அதாவது சித்தி, என்றார்கள். என் மகள் யாழினியும் வந்த வாரமே மாஷி என்று ஆரம்பித்துவிட்டாள். எனக்கும் மனசுக்குள் அவர் மாஷிதான்.

பெரியவர்களிடம் மாஷி தாராளமாகப் பொய் சொல்வார். துர்கா பூஜைக்குச் சந்தா கேட்டு வரும் இளைஞர்களிடம், கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, எதுவும் தெரியவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்பார். ஏதாவது விற்க வருகிறவர்கள் மணியடித்தால், மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து தன் குரலிலேயே, வீட்டில் யாரும் இல்லை என்று வங்காளத்தில் சொல்வார். அவர்களும் போய்விடுவார்கள். நான் கொடுத்தனுப்பும் சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு என்னிடம் பிரமாதம் என்பார். அதே சாம்பாரைப் பற்றி யாழினி கேட்டால், "உப்பு ஜாஸ்தி, புளி பத்தலை" என்பார். அவள் மூன்று மாடி ஏறி வந்து அதை அப்படியே என்னிடம் ஒப்பிப்பாள்.

குழந்தைகளிடம் மட்டும் அவர் வாயில் பொய் வராது. ஒருமுறை யாழினிக்கு ஊசி போட வேண்டியிருந்தது. துணைக்கு மாஷியும் வந்தார். டாக்டர் வங்காளத்தில், எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் என்றார். நானும் தலையாட்டினேன். யாழினி எங்கள் இருவரையும் நம்பாமல் மாஷியைப் பார்த்தாள். "வலிக்கும்" என்றார் மாஷி. "ஊசி உள்ள இருக்கறவரைக்கும் நன்னா வலிக்கும். எடுத்தப்புறம் கொஞ்ச நாழி எரியும். சாயங்காலம் தொட்டா வலிக்கும். நாளைக்குச் சரியாப் போயிடும்." டாக்டர் முகம் சுளித்தார். யாழினி பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டினாள். அழவில்லை. வீடு திரும்பும் வழியில், இப்ப எரியுது, மாஷி சொன்ன மாதிரியே, என்று பெருமையாகச் சொன்னாள்.

இது நல்லபடியாக முடிந்த கதை. எல்லாம் அப்படி முடியவில்லை. இரண்டாவது மாடியில் ஒரு வங்காளக் குடும்பம். அவர்கள் மகன் ஒரு நாய் வளர்த்தான். ஒருநாள் அவன் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் நாய் தெருவுக்கு ஓடி லாரியில் அடிபட்டுவிட்டது. பெற்றவர்கள் அதை அப்புறப்படுத்திவிட்டு, மாமா வந்து கிராமத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார், அங்கே ஓட நிறைய இடம் இருக்கிறது என்று பையனிடம் சொன்னார்கள். அவன் வாரக்கணக்கில், லீவுக்குக் கிராமத்துக்குப் போகலாம் என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். கடைசியில் மாஷியிடம் போய், நாய் எப்போது வரும் என்று கேட்டிருக்கிறான். அவர் லாரியைப் பற்றிச் சொல்லிவிட்டார். வலித்திருக்குமா என்று கேட்டிருக்கிறான். கொஞ்ச நேரம் வலித்திருக்கும் என்று அதையும் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பையன் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தான். அவன் அம்மா கீழே வந்து மாஷியின் வாசலில் நின்று கத்தியது எங்கள் மாடி வரைக்கும் கேட்டது. மனசாட்சி இருக்கிறதா, உனக்குப் பிள்ளை இருந்தால் தெரியும் என்றெல்லாம். மாஷி எல்லாவற்றையும் நின்று கேட்டுக்கொண்டார். கதவைச் சாத்தவும் இல்லை. அந்த அம்மாள் அதற்குப் பிறகு அவரோடு பேசவேயில்லை. ஆனால் அந்தப் பையன் கொஞ்ச நாள் கழித்து, தினமும் சாயங்காலம் அவர் வீட்டில் போய் உட்கார ஆரம்பித்தான்.

இன்னொன்றையும் நான் மறக்கவில்லை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் பேய் இருக்கிறது என்று கட்டிடத்துப் பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள். அவர்கள் அங்கே ஏறாமல் இருக்கப் பெரியவர்கள் யாரோ கிளப்பிவிட்டது. யாழினி மாஷியிடம் கேட்டாள். பேய் எல்லாம் ஒன்றும் இல்லை, தொட்டி மூடி உடைந்திருக்கிறது, உள்ளே ஆழம், விழுந்தால் கத்தினாலும் கீழே யாருக்கும் கேட்காது, செத்துப்போவாய் என்றிருக்கிறார். யாழினி அதன் பிறகு மொட்டைமாடிப் பக்கமே போகவில்லை. நான்தான் அந்த மூடியை நினைத்து நினைத்துத் தூக்கத்தைத் தொலைத்தேன். கட்டிடச் செயலாளரிடம் சண்டை போட்டு மூடியை மாற்ற வைத்தேன்.

ஏன் இப்படி என்று அவரிடமே கேட்டிருக்கிறேன். சின்ன வயதில் தன் அப்பா இறந்ததை மறைத்து, டெல்லி போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தார்கள் என்றார். கேட்டு நான் கண் கலங்கினேன். பிறகு பேச்சுவாக்கில் எதிர் வீட்டு அம்மாளிடம் சொன்னால், அவரிடம் மாஷி வேறொரு காரணம் சொல்லியிருந்தார். பள்ளிக்கூடத்தில் சொன்ன ஒரு பொய்யால் ஒரு சிநேகிதி அடி வாங்கினாளாம். இரண்டில் எது நிஜமோ, இரண்டுமே இல்லையோ. நாங்கள் பெரியவர்கள். எங்களுக்குத் தெரிந்துகொள்ள வழியில்லை.

அந்த வருஷம் பூஜை விடுமுறை நெருங்கிய சமயம், என் கணவர் அலுவலகத்தில் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தார். தலைக்குள் ரத்தக்குழாய் ஒன்று வெடித்திருந்தது. ஆஸ்பத்திரியில் மயக்க மருந்திலேயே வைத்திருந்தார்கள். மூளை வீங்கியிருக்கிறது, அது வடிந்தால்தான் கத்தி வைக்க முடியும், அதுவரைக்கும் ஒன்றும் உறுதியாகச் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். சாயங்காலம் ஒருவரை மட்டும் உள்ளே விடுவார்கள். என் கணவர் மூக்கில் குழாய். தலைமாட்டில் ஆக்சிஜன் போகிற பாட்டிலில் தண்ணீர் குமிழிகள் விட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம்தான் அவர் உயிரோடு இருப்பதற்கு எனக்கிருந்த அடையாளம். வீட்டுக்கு வந்தாலும் அது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஊரிலிருந்து என் கொழுந்தன் விமானத்தில் வந்து ஆஸ்பத்திரி வாசலிலேயே இருந்தான். யாழினிக்கு அப்போது எட்டு வயது நிரம்பவில்லை. அப்பா டூர் போயிருக்காங்க என்று அவளிடம் சொன்னேன். போன் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டாள். அந்த ஊரில் சிக்னல் இல்லை என்றேன். கட்டிடத்தில் எல்லாரிடமும் சொல்லி வைத்தேன். எல்லாரும் என் பொய்யை ஒழுங்காகச் சொன்னார்கள்.

மாஷியிடம் போய்க் கெஞ்சினேன். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு என்னை உட்கார வைத்தார்.

"நானாப் போய்ச் சொல்ல மாட்டேன்" என்றார். "ஆனா அவ கேட்டுட்டா என்னால பொய் சொல்ல முடியாது. கேக்காமப் பாத்துக்கோ."

"உங்களுக்கு அவ மேல பிரியம் இல்லையா மாமி? ஒரு தடவை. இந்த ஒரு தடவை மட்டும்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மறுபடியும், "கேக்காமப் பாத்துக்கோ" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு பயம். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்துவிடுமோ என்று ஒன்று. யாழினி மாடிப்படி இறங்கிவிடுவாளோ என்று இன்னொன்று. கீழே விளையாடப் போகாதே என்றேன். டிவி போட்டுக் கொடுத்தேன். மாஷி ஊரில் இல்லை என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். அன்று சாயங்காலமே அவர் துணிப்பையோடு தெருவில் போவதை அவள் பால்கனியிலிருந்து பார்த்துவிட்டாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அவளை மீன் காட்சியகத்துக்குக் கூட்டிப்போவதாக அப்பா சொல்லியிருந்தாராம். காலையில் எழுந்ததும் அதையே பிடித்துக்கொண்டாள். அப்பா ஊரில் இல்லையென்றால் நீ கூட்டிப் போ என்றாள். எனக்கு எதற்கும் தெம்பில்லை. இன்னொரு நாள் போகலாம் என்று நான் சொன்னது சத்தமாகப் போய்விட்டது போல. திறந்திருந்த கதவு வழியாக மாடிப்படியில் மாஷியின் குரல் வந்தது.

"நான் அழைச்சுண்டு போறேன். நீ சாயங்காலம்தானே ஆஸ்பத்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "நீ ரெஸ்ட் எடுத்துக்கோ."

நானும் வருகிறேன் என்றேன். அவர்கள் இருவரையும் தனியாக விட எனக்குத் துணிச்சல் இல்லை. நான் அன்றைக்குக் கிளம்பியதற்கு வேறு ஒரு காரணமும் கிடையாது. டாக்சியில் நான் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். வழி முழுக்க நானே பேசிக்கொண்டு வந்தேன். என்ன பேசினேன் என்று ஞாபகமில்லை.

காட்சியகத்தின் வாசலில் பழுதுபார்க்கும் வேலை நடக்கிறது என்று பலகை தொங்கியது. பாதிக் கட்டிடத்தைத் தார்ப்பாய் போட்டு மறைத்திருந்தார்கள். காவலாளி கையை ஆட்டி, காஜ் சோல்சே, வேலை நடக்கிறது, இன்னொரு நாள் வாருங்கள் என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. திரும்பிவிடலாம் என்று வாயெடுப்பதற்குள் மாஷி ஆரம்பித்துவிட்டார். குழந்தை மதராஸிலிருந்து வந்திருக்கிறது, சாயங்கால ரயிலில் திரும்பிப் போகிறது, இனி எப்போது வருமோ. காவலாளி யாழினியைப் பார்த்தார். வலது பக்கம் மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள் என்று வழிவிட்டார்.

உள்ளே போனதும் யாழினி கேட்டாள்: "மாஷி, நாம சென்னைலேருந்து வரலையே?"

"இல்லை. அவர்கிட்ட பொய் சொன்னேன்."

"எங்கிட்ட சொல்லுவீங்களா?"

"உங்கிட்ட சொல்ல மாட்டேன்."

நான் அவள் கையைப் பிடித்து முன்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

அந்த மாதிரி ஓர் இடத்துக்கு அன்று நான் போயிருக்கக் கூடாது. நீளமான கூடம். பாதிக்கு மேல் விளக்கு எரியவில்லை. ஒரு பக்கம் வரிசையாகக் காலித் தொட்டிகள். தண்ணீர் நின்ற உயரத்தில் கண்ணாடியில் வெள்ளைக் கோடு. அடியில் காய்ந்த மணல், சாய்ந்து கிடந்த பிளாஸ்டிக் செடிகள். எங்கேயோ உள்ளே சுவரில் துளைபோட்டுக்கொண்டிருந்தார்கள். அது நிற்கும்போதெல்லாம் இன்னொரு சத்தம் கேட்டது. மீன்களைப் பிடித்துப் பெரிய பெரிய நீலப் பீப்பாய்களில் விட்டு வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் காற்றுக் குழாய். ஒவ்வொன்றிலும் குமிழி. என் கணவர் தலைமாட்டில் கேட்கிற அதே சத்தம், ஒரு கூடம் நிறைய. ஒரு கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டேன்.

யாழினி பீப்பாய்களை எட்டி எட்டிப் பார்த்தாள். ஒன்றில் தண்ணீர் மேல் ஒரு சின்ன மீன் வயிறு தெரிய மிதந்தது. நான் அவளைத் திருப்பி நிறுத்தினேன். அந்த நேரம் எதிர்ப்பக்கத்திலிருந்து நான்கு ஆட்கள், ஜாக்கிரதை ஜாக்கிரதை என்று சொல்லிக்கொண்டு, நனைந்த தார்ப்பாயை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்துத் தூக்கி வந்தார்கள். உள்ளே ஒரு பெரிய மீன். யாழினி நீளம் இருக்கும். அது துள்ளவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. ஸ்டிரெச்சரில் என் கணவரை இப்படித்தான் தூக்கிப் போயிருப்பார்கள் என்று தோன்றியது.

யாழினி அந்த ஆட்களிடம் வங்காளத்தில், அது செத்துப்போகுமா என்று கேட்டாள். ஒருவர் சிரித்துக்கொண்டே, நா நா, கிச்சு ஹோபே நா, ஒன்றும் ஆகாது என்றார். அவள் மாஷி பக்கம் திரும்பினாள்.

"தெரியாதுடா கண்ணு" என்றார் மாஷி. "இந்த மாதிரி இடம் மாத்தறச்சே சிலது செத்துப்போகும். சிலது பொழச்சுண்டுடும். இவா ஜாக்கிரதையாத்தான் தூக்கறா. அது வரைக்கும்தான் எனக்குத் தெரியும்."

அவள் யோசித்தாள். மீன் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "மாஷி..." என்றாள். அந்தக் குரலில் அடுத்து என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. யாழி, இங்க பாரு, என்று நான் ஆரம்பித்த அதே நேரம் என் கைப்பையில் போன் அடித்தது.

கொழுந்தனின் பெயர். உள்ளே குரல் விட்டுவிட்டுக் கேட்டது. துளை போடும் சத்தம் வேறு. ஒரு கணம் நான் இரண்டு பேரையும் பார்த்தேன். பிறகு வாசலை நோக்கி ஓடினேன். வேறென்ன செய்ய முடியும்.

"மதினி, டாக்டர் இன்னைக்கே பண்ணணும்ங்காங்க" என்றான். "திரும்பக் கசியுதாம். இனிமே காத்திருக்க முடியாதாம். நீங்க வந்து கையெழுத்துப் போடணும்."

"உயிருக்கு ஆபத்தான்னு கேட்டியாப்பா?"

சீக்கிரம் வாங்க மதினி என்று மட்டும் சொன்னான்.

நான் திரும்பி உள்ளே போனபோது கூடத்தில் விளக்கே இல்லை. ஏதோ வேலைக்காக மின்சாரத்தை மொத்தமாக நிறுத்தியிருந்தார்கள். துளை போடும் சத்தம் நின்றிருந்தது. குமிழிச் சத்தமும் நின்றிருந்தது. அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. யாழினி என்று கூப்பிட்டேன். என் குரல் கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி வந்தது. எங்கேயோ ஒரு தொட்டியைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். தரையில் தண்ணீர் ஓடி வந்து என் செருப்புக்குள் ஏறியது. அறுந்த வயர்கள் தரையில் கிடந்ததைப் போகும்போது பார்த்திருந்தேன். தார்ப்பாய்கள் முகத்தில் இடித்தன. ஏணி ஒன்றில் மோதிக்கொண்டேன். என் மகளும் இல்லை, அவரும் இல்லை, இந்த இருட்டில் நான் ஒருத்திதான் என்று நினைத்துவிட்டேன். பயம் என்றால் அதுதான். அதற்கு முன்னும் பின்னும் அப்படி நான் பயந்ததில்லை.

வேலையாள் ஒருவர் போன் விளக்கை அடித்துக்கொண்டு வந்தார். அந்த வெளிச்சத்தில் கூடத்தின் கோடியில் அவர்கள் தெரிந்தார்கள். கவிழ்த்துப் போட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார்கள். யாழினியின் இரண்டு கைகளும் மாஷியின் மடியில் இருந்தன. இருவரும் தலையோடு தலை சேர்த்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் நிறுத்தினார்கள்.

"என்ன சொன்னீங்க மாமி அவகிட்ட?"

"மீனைப் பத்தித்தான் பேசிண்டிருந்தோம்" என்றார் மாஷி.

நான் யாழினியைப் பார்த்தேன். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். மாஷியைத் தனியே இழுத்துப்போய் விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்து என்னால் நிற்க முடியவில்லை. அவர் என் இரண்டு தோள்களையும் பிடித்து நிமிர்த்தினார்.

"இங்க பாரு. நன்னா கேளு. எங்க சித்தப்பா ராமதுரைக்கு இதேதான் வந்தது. இதே மாதிரி ரெண்டாந்தரம் கசிஞ்சு அவசரமா ஆபரேஷன் பண்ணினா. அதுக்கப்புறம் இருபது வருஷம் இருந்தார். தினம் லேக் பக்கம் வாக்கிங் போவார். உன் ஆம்படையான் சின்ன வயசு. பொழச்சு வந்துடுவார். எனக்குத் தெரியும்."

பெரியவர்களிடம் மாஷி பொய் சொல்வார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு அது ஞாபகத்துக்கு வரவேயில்லை. நான் மூச்சை இழுத்துவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மாஷி யாழினியை வீட்டுக்குக் கூட்டிப்போவதாகவும் நான் நேரே ஆஸ்பத்திரி போவதாகவும் ஏற்பாடு. டாக்சியில் ஏறப்போன என்னிடம் யாழினி, "நீ போம்மா. நான் மாஷிகூட இருந்துக்கிடுவேன்" என்றாள். எங்கே போகிறாய் என்று அவள் கேட்கவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

ஆபரேஷன் அறைக்கு வெளியே இருந்த நேரம் முழுவதும் நான் சாமி பெயர் ஒன்றும் சொல்லவில்லை. சித்தப்பா ராமதுரையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். முகம் தெரியாத அந்த மனிதரை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏரிக்கரையில் நடக்க வைத்தேன். அவருக்கு ஒரு கைத்தடி கொடுத்தேன். பிறகு கைத்தடி வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். இருட்டிய பிறகு டாக்டர் வெளியே வந்து, இப்போதைக்குச் சமாளித்துவிட்டோம் என்றார்.

என் கணவர் பிழைத்தார். இடது கை பழையபடி வரவில்லை. பேசும்போது வார்த்தை சட்டென்று அகப்படாது, தேடித்தேடி எடுப்பார். ஆபத்து நீங்கிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் யாழினியை உட்கார வைத்து, அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று, இப்போது சரியாகிவிட்டது என்று சொன்னேன். புதிதாகக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டாள். எப்ப வருவாங்க என்று மட்டும் கேட்டாள். மாஷி வாக்குக் காப்பாற்றிவிட்டார், அல்லது இவள் கேட்காமல் விட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு சென்னைக்கு மாற்றல் கிடைத்தது. நாங்கள் வந்த கொஞ்ச காலத்தில் அந்தக் கட்டிடத்தை இடித்துக் கட்டப் புரமோட்டரிடம் கொடுத்துவிட்டார்கள். மாஷி நியூ டவுனில் தன் அண்ணன் மகன் குடியிருப்புக்குப் போனார். எப்போதாவது போனில் பேசுவார். அங்கே லிஃப்டில் பார்க்கிற குழந்தைகள் எல்லாம் போனையே பார்க்கின்றன, ஒன்றுகூடக் கேள்வி கேட்பதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால், கல்லு மாதிரி இருக்கேன் என்பார்.

போன மாதம் அந்த அண்ணன் மகன் கூப்பிட்டார். மாஷி இறந்துவிட்டாராம். ரொம்ப நாளாகவே புற்றுநோயாம்.

போனை வைத்துவிட்டு நான் உட்கார்ந்திருந்தேன். யாழினி எதிரில் படித்துக்கொண்டிருந்தாள். இப்போது அவளுக்குப் பதினாலு வயது. பரீட்சை முடியட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு சொல்லிவிட்டேன். அவள் புத்தகத்தை மூடினாள். அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, "அன்னைக்கு அக்வேரியத்துல நான் மாஷிட்ட கேட்டேம்மா" என்றாள்.

"என்ன கேட்ட?"

"அப்பா எங்கன்னு. ஆஸ்பத்திரின்னாங்க. செத்துருவாங்களான்னு கேட்டேன். தெரியாது, சாகலாம், பொழைக்கவும் பொழைக்கலாம்னாங்க. அப்பதான் நீ உள்ள கூப்பிட்டுக்கிட்டே வர்ற. அழுதுட்டே வர்றன்னு குரல்லயே தெரியுது. அம்மாட்ட என்ன சொல்லுவீங்கன்னு கேட்டேன். நல்லாயிடுவார்னு சொல்லப்போறேன்னாங்க. அது பொய்தானேன்னேன். ஆமான்னாங்க."

நான் எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"சும்மா நல்லாயிடும்னு சொன்னா அம்மா நம்ப மாட்டாங்க, யாருக்காவது இதே மாதிரி வந்து சரியாச்சுன்னு சொல்லுங்கன்னு நான்தான் சொன்னேன். யாரைச் சொல்றதுன்னு கேட்டாங்க. ஒரு சித்தப்பான்னு சொல்லுங்கன்னேன். பேரு அவங்களே வச்சுக்கிட்டாங்க."

"ஏட்டி, நீ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே, இத்தனை வருஷமா?"

"நீ அதைக் கேட்டப்புறம்தான் அழுகையை நிப்பாட்டுன. எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு. ஆனா நீ நிப்பாட்டிட்ட" என்றாள்.

உள்ளறையிலிருந்து என் கணவர், யார்... போன்ல... என்று வார்த்தையைத் தேடிக் கேட்டார். அவருக்கு மாஷி மேல் பிரியம் அதிகம். அதிர்ச்சி எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அடுக்குமாடிச் சங்கத்திலிருந்து கூப்பிட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் யாழினி எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வதை வாசலில் நின்று பார்த்தேன்.

"அப்பா, மாஷி செத்துப்போயிட்டாங்க" என்றாள்.

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.